மொட்டை மாடியில் ஒரு ஸ்டூடியோ

பிள்ளைகளா, அன்றைக்கு மாடியில் நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். ஆனாலும் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன். உங்கள் வயசுக்கு இதெல்லாம் சீக்கிரம் மறந்துபோகும்.

பெரியவளே, டிவி நிகழ்ச்சி எடுக்கிற படிப்பு என்று நீ காலேஜில் சேர்ந்தபோது, கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவாய் என்றுதான் நினைத்தேன். நீயோ வீடு முழுக்கக் காகிதமாகப் பரப்பினாய். எந்த நிமிஷத்தில் யார் பேசுவது என்று ஒரு தாள். எந்தக் கேமரா எதைக் காட்டுவது என்று ஒரு தாள். சோபா, மேசை, கேமரா எல்லாம் எங்கெங்கே என்று கட்டம் போட்ட வரைபடம் ஒன்று. நான் ஒன்பதாவதோடு நின்று, ஜீயபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி ஓட்டுகிறவன். ஏற்றுகிற இடமும் இறக்குகிற இடமும் தெரிந்தால் எனக்குப் போதும். எட்டு நிமிஷ நிகழ்ச்சிக்கு இத்தனை தாளா என்று கேட்க வாயெடுத்து, உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த வரைபடம் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் உங்கள் காலேஜ் மேடம் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் ஸ்டூடியோ வேறு குழுவுக்குப் போய்விடும். இந்தப் பருவத்தில் நீ டைரக்டராக நிற்க இருந்த ஒரே நிகழ்ச்சி அது. போனால், அடுத்தவர்கள் நிகழ்ச்சிக்கு நீ கேபிள் பிடிக்க வேண்டியதுதான். இரண்டாம் தடவை மேடம் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘நடந்து பார்த்தாயா?’

“எங்கப்பா நடந்து பாக்குறது? கையெழுத்து இருந்தாத்தான் ஸ்டூடியோக் கதவே திறப்பாங்க” என்றாய்.

சின்னவள்தான், “மாடியில வரைஞ்சு பாருக்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஏறினோம். சாக்பீஸ் அந்தச் சொரசொரப்புத் தரையில் பதியவில்லை. கோலப்பொடியைக் காவேரிக் காற்று அடித்துக்கொண்டு போனது. கீழேயிருந்து வந்த உங்கள் அம்மா, சற்று நேரம் பார்த்துவிட்டு, அரிசி மாவைக் கரைத்து எடுத்து வந்தாள். துணியை நனைத்து, நீ காட்டிய இடத்திலெல்லாம் கோடு இழுத்தாள். சோபா ஒரு கட்டம், மேசை ஒரு கட்டம். நடுவில் இரண்டாவது கேமராவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து சுவர் வரை கேபிளுக்கு ஒரு நீளக் கோடு.

மாவு காய்ந்ததும் ஒத்திகை. வாழைப்பூ ஆய்ந்து காட்ட வருகிற விருந்தாளி உங்கள் அம்மா. பேட்டி எடுப்பவன் நான். சின்னவள் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கேமரா ஆனாள்.

“அப்பா, சிரிச்ச முகமா இருங்க” என்றாள்.

“சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“கேமராவுல தெரியலயே.”

“வாளியில எப்படிடீ தெரியும்?” என்றாள் உங்கள் அம்மா.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். பிறகு அவள் சோபாவிலிருந்து எழுந்து மேசைக்குப் போக வேண்டும். எழுந்தாள், கேபிள் கோட்டருகே நின்றாள், திரும்பி சோபாவுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனாள்.

“அம்மா, நேரா போம்மா.”

“கோலத்தை மிதிக்கச் சொல்றியா?”

“அது கோலம் இல்லம்மா. கேபிள்.”

“அரிசி மாவுல இழுத்தது. நான் மிதிக்க மாட்டேன்.”

“அக்கா, விருந்தாளி ஸ்டிரைக்” என்றாள் சின்னவள்.

மறுபடி செய்யச் சொன்னாய். மறுபடியும் சுற்றித்தான் போனாள். உனக்குக் கோபம் வந்து காகிதத்தைக் கீழே வைத்தாய். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாய். “நெசமாவே அங்க கேபிள் கிடந்தா, வர்றவங்க தடுக்கி விழுவாங்கப்பா” என்றாய் மெதுவாக.

அப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. அம்மா சுற்றிப் போன வழியையே வழியாக வைத்துக்கொண்டு, அது முடிகிற இடத்துக்கு மேசையைத் தள்ளினாய். நடந்து வருகிறவர் முகம் முதல் கேமராவுக்கு நேராக வந்தது. சுற்றி வர நேரம் கூடுதலாகப் பிடித்தது. அந்த நேரத்தை நிரப்ப எனக்கு இன்னொரு கேள்வி கொடுத்தாய். பழைய மேசைக் கோட்டைக் காலால் தேய்க்கப் போனவள், அம்மா பார்த்ததும் குனிந்து ஈரத் துணியால் துடைத்தாய். இருட்டுவதற்குள் தாள் எல்லாவற்றையும் திருத்தி முடித்தாய்.

மறுநாள் மார்க்கெட்டில் தார் இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“அப்பா, கையெழுத்து போட்டுட்டாங்க. யார் நடந்து பார்த்ததுன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“எங்கம்மான்னு சொன்னேன்.”

தோளில் தார் இருந்தது. சரிம்மா என்று மட்டும் சொன்னேன். சரியாகக்கூடப் பேசவில்லை என்று அப்போது நீ நினைத்திருப்பாய்.

அன்று சாயங்காலம், பேட்டி எடுப்பவனுக்கு என்று நீ போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவர மாடிக்குப் போனேன். யாரும் இல்லை. கேபிள் கோட்டில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டு நேர் எதிரே, கோட்டுக்கு அந்தப் பக்கம். தாண்டினால் ஒரு எட்டு. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சோபா இருந்த கட்டத்துக்குப் பின்னால் சுற்றி நடந்து, இறங்கி வந்தேன்.