புழுதிப்புயல் மறித்த சாலை

அமெரிக்கப் பாலைவனத்து டுகும்காரி நகரம் பிழைத்ததே நெடுஞ்சாலையால்தான். அதன் ஓரத்தில் முப்பது வருடம் சாப்பாட்டுக்கடை நடத்திய டெல்ஃபினா, கால்வலி தாளாமல் கடையை மூடிவிட்டு, அன்று அந்தியில் தங்கை வீட்டோடு போய்விடக் காரில் கிளம்பினாள். ஊர் எல்லையில் புழுதிப்புயல் வழியை மறித்திருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. பழகிய ஓட்டுநர் ரூபன் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

"எங்கள அம்போன்னு விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்கக்கா?"

"இனிமே என்னால நிக்க முடியாதுடா."

"நீங்க உக்காருங்க. நாங்க சமைக்கிறோம்."

"உனக்கு முட்டை உடைக்கவாவது தெரியுமாடா?"

அலுப்போடு காரைக் கடைக்கே திருப்பினாள்; லாரிகளும் பின்னால் வந்தன. அவள் அடுப்பில் லாரிக்காரர்கள் சமைத்த பீன்ஸ் அடிப்பிடித்திருந்தது. கால்களை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, தன் கடையில் முதல்முறையாக உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டாள். புயல் அடங்கியதும் தங்கையிடம் போய்ச் சேர்ந்தாள்.