எனக்கு வாங்கி வந்த திராட்சை

நெஞ்சு படபடத்து மூச்சு முட்டவும், மாரடைப்பென்று பயந்து என்னைக் கம்பம் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடைப்பட்டியிலிருந்து மதினி ஒரு பை திராட்சையோடு அழுதுகொண்டே ஓடிவந்தார்.

"இருதயம் நல்லாயிருக்கும்மா. இது மனப்பதற்றம். மாத்திரை, கவுன்சிலிங் ரெண்டும் எடுத்தா சரியாயிரும்" என்றார் டாக்டர்.

மதினியின் அழுகை சட்டென்று நின்றது. "இதெல்லாம் ஒரு நோவா? வேலவெட்டி இல்லாதவளுக்கு வர்றது." எனக்கு வாங்கிய திராட்சையைத் தானே தின்று, கொட்டையை என் கட்டிலடியில் துப்பினார்.

சிகிச்சையில் மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது.

போன வாரம் மதினி போனில் கிசுகிசுத்தார்: "ஆத்தா, தூக்கமே இல்ல, நெஞ்சு அடிச்சுக்குது. ஒன் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. யார்ட்டயும் சொல்லிராத, சிரிப்பாங்க."

கூட்டிப்போனேன். மன்னித்தேனா, தெரியவில்லை. வழியில் அவருக்கென்று வாங்கிய திராட்சையில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.