எடுக்கல

கிள்ளானில் துறைமுகம் போகும் சாலையோரத்துக் காண்டோமினியம் ஒன்றில் கேட்டில் காவல் காக்கும் ஜாகா வேலை பார்ப்பவள் அமுதவள்ளி. பதினோரு வருடமாக அதே கேட், அதே நாற்காலி. சாப்பாடு கொண்டுவருகிறவன் பையைத் திறந்து காட்டினால்தான் உள்ளே போக முடியும். ஒருமுறை சொந்த நாத்தனாரே பார்க்க வந்தபோதும் அடையாள அட்டையான ஐசியை வாங்கி வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பித்தாள். கேட்டால், "சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்லா" என்பாள். சம்பளம் எட்டு மணி நேரத்துக்குத்தான். மீதி பதினாறு மணி நேரமும் அவள் இலவசமாகவே சந்தேகப்பட்டாள்.

அவளுடைய பழைய மோட்டார் சைக்கிள் ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து மக்கர் செய்தது. கிக்கர் எப்போதோ உடைந்துவிட்டது, பொத்தானை அமுக்கினால்தான் உண்டு. அமுக்கினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். சில நாள் பத்தாவது அமுக்கலில் கிளம்பும், சில நாள் கும்பிட்டுக் கூத்தாடினாலும் கிளம்பாது. பேட்டரியோ மூன்று மாதத்துக்கு முன்புதான் வாங்கியது. ஒரு புதன்கிழமை காலை, வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு இராமலிங்கத்தின் மோட்டார் ரிப்பேர் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

இராமலிங்கம் சாமான் வாங்கக் காஜாங் போயிருந்தான். அவனிடம் வேலை செய்யும் அசாருதீன் மட்டும் இருந்தான். முப்பது வயது தாண்டியவன், இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மனைவி ரிஸ்வானாவும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். போன வாரம்தான் இராமலிங்கம் அமுதவள்ளியிடம் சொல்லியிருந்தான்: "அக்கா, இவன் பெர்மிட் இந்த மாசத்தோட முடியுது. ரினியூ பண்றதா, திருப்பி அனுப்பறதான்னு ஓடல. உங்க கண்ணுக்கு எதுவும் பட்டா சொல்லுங்க." அன்றிலிருந்து தன் காவல் பட்டறை வரைக்கும் நீண்டுவிட்டதாக அமுதவள்ளி எடுத்துக்கொண்டாள்.

அசாருதீன் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினான், நியூட்ரல் விளக்கு எரிந்தது. ஹாரனை அடித்தான், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினான். 'டக்'. விளக்கு மங்கி, திரும்ப எரிந்தது.

"பேட்டரியா இருக்கலாம்க்கா. இல்லாமயும் இருக்கலாம்" என்றான்.

இது என்ன வழவழா கொழகொழா பேச்சு என்று நினைத்தாள் அமுதவள்ளி. அவன் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோனான். அவளும் எழுந்தாள்.

"உள்ள ஆசிட் இருக்கு, இங்கயே உக்காருங்க."

உட்காரச் சொல்கிறானாமே! கேட்டில் எத்தனை பேர் இப்படி அவளை உட்காரச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்து அவன் பேட்டரியோடு வந்தான். பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைத்தபோது, மூடியைத் திறந்து பேட்டரிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். இந்தப் பேட்டரியில் பொட்டைக் காணோம்.

மாற்றிவிட்டான்! அவள் வாயைத் திறக்கவில்லை. திருடனை உஷார்ப்படுத்தக் கூடாது என்பது அவளுடைய தொழில் தர்மம். எழுந்து வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவன் பேட்டரியை மாட்டி மீட்டரை வைத்தான், முள் பன்னிரண்டரை வோல்ட்டில் நின்றது. பொத்தானை அமுக்கினால் அதே 'டக்'. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்டார்ட்டர் ரிலேயில் திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பார்த்தான், பொறிதான் பறந்தது. பிறகு தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டு, வயரை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"என்னா தம்பி ஆச்சு?" என்றாள்.

அதே நேரம் பார்த்து ஒரு கண்டெய்னர் லோரி சாலையை அதிர வைத்துக்கொண்டு போனது. அவன் சொன்னதில் கடைசிச் சொல் மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

"...எடுக்கலக்கா."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்! நீ எடுத்தாயா என்று அவள் கேட்கவே இல்லையே. கேட்காமலே எடுக்கவில்லை என்கிறானென்றால் என்ன அர்த்தம்? அமுதவள்ளி நேரே சாலையோரம் போய் இராமலிங்கத்துக்குப் போன் போட்டாள்.

"ராமா, கையும் களவுமா பிடிச்சிட்டேன். என் பேட்டரிய மாத்திட்டான். அவன் வாயாலயே உளறிட்டான்."

"நெனச்சேன்க்கா" என்றான் இராமலிங்கம். "இப்பவே ஏஜென்டுக்குச் சொல்லிடறேன், ரினியூ வேணாம்னு."

பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அசாருதீன் தடித்த வயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறு முனையை இன்ஜினிலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தப் பொத்தான கொஞ்சம் அமுக்குங்க."

வேண்டாவெறுப்பாக அமுக்கினாள். மோட்டார் ஒரே உறுமலில் கிளம்பியது. அணைத்துவிட்டு, வயரை எடுத்துவிட்டு அமுக்கச் சொன்னான். 'டக்'. திரும்ப வயரை வைத்தான். கிளம்பியது.

"பாத்தீங்களா? அதான் அப்பவே சொன்னேனே, எர்த் எடுக்கலன்னு."

"என்னா எடுக்கல?"

"எர்த்துக்கா. பேட்டரியில இருந்து போற கரண்ட், வண்டி இரும்பு வழியாத்தான் திரும்பி வரணும். அந்த வயர் இரும்புல சரியா ஒட்டலன்னா, எர்த் எடுக்கலன்னு எங்க ஊர்ல சொல்லுவோம்."

வண்டியின் இரும்புச் சட்டத்தில் அந்த வயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றிக் காட்டினான். அடியில் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். "யாரோ துருவ மறைக்க போல்ட்டக் கழட்டி அடிச்சிருக்காங்க. கரண்டுக்குக் கதவ சாத்திட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே கத்தியால் சுரண்டினான்.

அந்த யாரோ யாரென்று அமுதவள்ளிக்குத் தெரியும். வீட்டுச் சாமி மேடைக்கு அடித்ததில் மிச்சமிருந்த பெயிண்ட் அது. பூஜைக்கு மோட்டார் அழகாக நிற்க வேண்டுமென்று அவளே குந்தி உட்கார்ந்து அடித்தாள்.

"பேட்டரியில பொட்டு இருந்திச்சே?"

"முனையெல்லாம் பூத்துப் போயிருந்துச்சு, சுத்தமா தொடச்சேன். அதோட குங்குமமும் போயிடுச்சு. சாமிக்கு வச்சதுன்னு அப்புறம்தான் தோணிச்சு. தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."

அமுதவள்ளி அங்கேயே நின்று திரும்பவும் போன் போட்டாள்.

"ராமா, நான் சொன்னது தப்பு. அவன் பெர்மிட்டுல கை வைக்காதே."

"அவன் பக்கத்துல நிக்கிறானா? மிரட்டினானா? பயப்படாதீங்கக்கா. பதினோரு வருஷ ஜாகா நீங்க, உங்க கண்ணு தப்புமா?"

அந்தப் பாராட்டைக் கேட்கத்தான் அவள் இத்தனை வருடம் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். இன்று அது காதில் ஈயமாக இறங்கியது.

"தப்பிருச்சுலா! பெயிண்ட அடிச்சு மோட்டாரக் கெடுத்தது நான். அரைகுறையா கேட்டு வாய விட்டது நான். ஏஜென்டுக்கு இப்பவே திருப்பிப் போன் போடு. இந்தப் பையன் எதையும் எடுக்கல!"

"சரிக்கா, போடறேன். ரினியூ பண்ணிடலாம்" என்று இராமலிங்கம் வைத்தான்.

அசாருதீனின் கை போல்ட்டிலேயே நின்றுவிட்டது. என்ன நடந்தது, எது போக இருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு போனில் அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. போல்ட்டை முறுக்கி, பொத்தானை அமுக்கினான். தனி வயர் எதுவும் இல்லாமல், முதல் அமுக்கலிலேயே மோட்டார் கிளம்பியது.

"தம்பி, மன்னிச்சிரு" என்றாள். "லோரி சத்தத்துல எனக்குத் தப்பாக் கேட்டிருச்சு."

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"காது யாருக்கும் தப்பாக் கேக்கும்க்கா" என்றான். "ஆனா லோரி வர்றதுக்கு முன்னாடியே நீங்க எந்திரிச்சு வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டீங்களே."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.