சுவரில் ஒட்டிய கண்ணாடி

எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபமல்ல, சந்தேகம்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவனுக்கு உள்ள வியாதி அது.

வீடு அரியலூர்ப் பக்கம், ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறது. என் மனைவி தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கட்டிய வீடு. நானும் ஒத்தாசை செய்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மதியத்தில் சுரங்கத்தில் சங்கு ஊதும். சற்று நேரத்தில் வேட்டுப் போட்டுப் பாறையைப் பிளப்பார்கள். தரை ஒரு குலுங்கு குலுங்கும், அடுக்களையில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அப்படி ஒரு நாள்தான் ஜன்னலுக்கு மேலே தொடங்கித் தரைவரை இறங்கிய அந்தக் கோடு கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு அடியில்தான் அவளுடைய மெஷின் கிடக்கிறது.

"மெஷினை உள் ரூமுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டேன்.

"அங்க பட்டப்பகல்லயே ஊசிக்காது தெரியாதுங்க. வெளிச்சம் இங்கதான இருக்கு?" என்றாள்.

ஆலைக்கு மனு கொடுத்தோம். ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"கரிசல் மண்ணு சார். மழையில ஊதும், வெயில்ல வெடிக்கும். அஸ்திவாரம் ஆடத்தான் செய்யும். எங்க வேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றார்.

மனைவி அவரை முறைத்தாள். எனக்கோ அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது, அதற்காக அவள் என்னையும் முறைத்தாள். கோடையில் எங்கள் பக்கத்துப் பருத்திக் கொல்லைகள் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இது மண் செய்த வேலையா, வேட்டு செய்த வேலையா? தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பெரம்பலூரில். என்னோடு படித்த ஒருவன் அங்கே வக்கீலாக இருக்கிறான். ஒரு சாயங்காலம் பஸ் ஏறுமுன் அவனைப் பிடித்தேன்.

"ஆபத்தான தொழில் பண்றவன் கவனமா இருந்தானா இல்லையான்னு கோர்ட்டு ரொம்ப நோண்டாதுடா. கேடு வந்தா அவன்தான் பொறுப்பு" என்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இரு, இரு. கேடு அவனாலதான் வந்துச்சுன்னு நீதான் காட்டணும்."

"எப்படிக் காட்டுறது?"

"விரிசலுக்குக் குறுக்க மெல்லிசா ஒரு கண்ணாடியை ஒட்டு. சுவரு அசைஞ்சா உடைஞ்சிடும். எப்ப உடையுதுன்னு பாரு."

இவ்வளவு எளிய சோதனை எனக்கே தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடு ஒன்றை வாங்கிவந்தேன். இரண்டு முனையிலும் சிமெண்டைக் குழைத்து அப்பி, விரிசலின் மேல் குறுக்காக ஒட்டினேன். அதே ஆலையின் சிமெண்ட்தான். எங்கள் ஊரில் வேறு எதற்குப் போவது?

"சுவத்துக்கு பிளாஸ்திரி போட்டாச்சா டாக்டர்?" என்றாள் மனைவி.

அந்தக் கோடையில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஆலையில் ஏதோ பழுது பார்ப்பதாகச் சொல்லிச் சுரங்க வேலையையும் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். சங்கு இல்லை, வேட்டு இல்லை, வெயில் மட்டும்தான். மண்தான் காரணம் என்றால் இப்போதே கண்ணாடி உடைந்தாக வேண்டும். கொல்லைகள் பாளம் பாளமாக வெடித்தன. ஸ்லைடில் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளி விடுமுறை வேறு என்பதால் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நின்றேன்.

"என்னையக் கட்டிக்கிட்ட புதுசுலகூட நீங்க இப்படிப் பார்க்கலீங்க" என்று மனைவி சிரித்தாள்.

விடுமுறை முடிவதற்குள் ஒரு மதியம் மறுபடி சங்கு ஊதியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்து ஓடிச் சுவர் முன்னால் நின்றேன். அவள் மெஷினில் யாருடைய ரவிக்கைக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வேட்டு அதிர்ந்தது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்லைடு இரண்டாகியிருந்தது.

"உடைஞ்சிடுச்சு! உடைஞ்சிடுச்சு!" என்று குதித்தேன். சோற்றுக் கையோடு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் தலையிலும் ரவிக்கைத் துணியிலும் காரைத் தூள் உதிர்ந்து கிடந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, "உடைஞ்சது நம்ம வூடுங்க" என்றாள். சத்தம்கூட உயரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. என் சுவர் எப்போது விரியும் என்று நானே வாரக்கணக்கில் ஆசையாகக் காத்திருந்திருக்கிறேன். விரியாவிட்டால் வழக்கு நிற்காது, விரிந்தால் வீடு நிற்காது. நியாயம் கேட்கப் போகிறவனைச் சட்டம் இப்படி ஒரு மூலையில் நிறுத்திவைத்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தகவல் சொன்னதும் அதிகாரி மறுபடியும் வந்தார். சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். உடைந்த ஸ்லைடை போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன் சார். ஆனா நீங்களே ஒட்டுனது, அதுவும் ஒரே ஒரு தடவை. ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க. நாங்க ஒண்ணு ஒட்டிட்டுப் போறோம். அதுவும் உடைஞ்சா மேற்கொண்டு பேசலாங்க."

ஒரு சோதனை போதாது என்பது வகுப்பில் நானே சொல்வதுதான். என் தலை தானாக ஆடப் பார்த்தது.

மனைவி மெஷினை விட்டு எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தாராளமா ஒட்டுங்க சார். அது உடையற வரைக்கும் நீங்க இங்க உட்கார்ந்து தைங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி விரிசலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் நாற்காலியைச் சுவரை விட்டு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.