அலுமாரிக் கதவின் உட்பக்கம்

லூர்த்தம்மாவின் அலுமாரிக்கு இரண்டு கதவுகள். வலப்பக்கத்துக் கதவைத் திறந்தால், அதன் உட்புறத்தில் தையல் சோக்கால் எழுதிய வரிகள் மேலிருந்து கீழே இறங்கும். கீரிமலைக் கேணி. சிமியோன்ரை சாரங்கள். வாழையிலைப் பச்சை. திருநாள் கொடி. மழைக்கு முந்தின கடல். அத்தனையும் அவர் இனிமேல் தைக்க ஆசைப்பட்டிருக்கும் போர்வைகள்.

குருநகரில் அவருடைய ஒழுங்கை வீடுகளில் பாதிப்பேர் போட்டுத் திரிவது அவர் தைத்த உடுப்புத்தான். சாரிச் சட்டை, பள்ளிக்கூட யூனிபோர்ம், கோயிலில் முதல்நன்மை எடுக்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு. அது சோற்றுக்கு. வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறிய மனமில்லாமல் தொடங்கியது போர்வை வேலை. துண்டுகளைப் பொருத்தி மேல்பக்கம் ஆக்குவார். பழைய நூல்சேலை ஒன்றை மடித்து உள்ளே வைப்பார். அடியில் பூப்போட்ட ஒரு சீத்தைத் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டுவார். ஒன்று முடிய மாதக்கணக்காகும். முடிந்ததும் ஈரத்துணியால் கதவிலிருந்த அந்த வரியை அழிப்பார். ஆனால் அழிக்கும் நாள் வருவதற்குள் அடியில் இரண்டு வரி கூடியிருக்கும்.

"இந்த வெக்கைக்குள்ளை ஆர் அப்பா போர்வை போர்க்கிறது?" என்று கேட்பது அவருடைய கணவர் சிமியோனின் வழக்கம். கேட்டுவிட்டு, மார்கழிப் பனியில் மீன்பிடித்துக் கடலால் வந்ததும் முதலில் இழுத்து மூடுவதும் அதைத்தான்.

"கதவிலை இடம் முடிஞ்சால் என்ன செய்வீர்?"

"மற்றக் கதவு கிடக்கு."

"அதுவும் முடிஞ்சால்?"

"உங்கடை முதுகு கிடக்கு. சும்மாதானே கிடக்கு."

முதல் வரியில் நிற்கும் கேணிக்கு ஒரு கதை உண்டு. நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் பராசக்தி, லூர்த்தம்மாவிடம் சட்டை தைக்க வருகிறவர். வந்து வந்து சிநேகிதியாகிவிட்டவர். தகப்பனாரின் காரியத்துக்குக் கீரிமலைக்குப் போனபோது லூர்த்தம்மாவையும் துணைக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் கிரியையைப் பார்த்துக்கொண்டிருக்க, லூர்த்தம்மா மேலே நின்று கேணியையே பார்த்தார். சுற்றிவரப் படி, அதற்குள்ளே படி, அதற்கும் உள்ளே படி, நடுவில் சதுரமாய் நீர். "பராசக்தி, உது போர்வையடி," என்றாராம். செத்தவீட்டுச் சனம் திரும்பிப் பார்த்ததைப் பராசக்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கேணியைத் தொட லூர்த்தம்மாவுக்குப் பயம். சதுரத்துக்குள் சதுரம் போகும்போது ஒரு மூலை பிசகினாலும் எல்லா மூலையும் பிசகும். அதனால் அதற்குக் கீழே எழுதியவை ஒவ்வொன்றாய் முடிந்து அழிந்துபோக, அது மட்டும் மேலே அப்படியே நின்றது.

மகன் கொலின்ஸ் பாசையூரில் ஷெரோனைக் கட்டினான். குருநகருக்கும் பாசையூருக்கும் நடந்துபோகிற தூரந்தான். ஷெரோன் இந்த வீட்டுக்கே வாழ வந்தாள். முதல் தடவை அவளுக்குப் பிள்ளை தங்கியதும் லூர்த்தம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்கே சோக்கை எடுத்துக் கதவில் எழுதினார்: ஷெரோன்ரை பிள்ளைக்கு.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்த பராசக்தி அதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா உது? பிறக்கமுன்னம் பிள்ளைக்கு ஒண்டும் செய்யக்கூடாதெல்லோ."

"எழுதினதுதானே. தைக்கேல்லையே."

"எழுதினாலும் ஒண்டுதான்."

"உங்கடை ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பயம்," என்று லூர்த்தம்மா சிரித்தார். உண்மையில் குருநகரிலும் பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிறவர் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. ஷெரோன் பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குமுன் லூர்த்தம்மா ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். அதைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பராசக்திகூட வாய் திறக்கவில்லை. அந்த மௌனந்தான் லூர்த்தம்மாவுக்கு நெஞ்சில் கிடந்தது.

இப்போது ஷெரோனுக்கு மறுபடியும் வயிற்றில். ஏழாம் மாதம். தலைப்பிள்ளை என்பதால் பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். போகும் நாளும் பேசியாயிற்று. இந்த முறை லூர்த்தம்மா கதவில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. மெல்லிய பருத்தித் துண்டு கையில் வந்தால் அதைப் பையின் அடியில் தள்ளிவிடுவார். ஒழுங்கையில் யாரும் "பேரப்பிள்ளைக்கு என்ன தைக்கிறியள்?" என்று கேட்டால், "அரிசி உலையிலை கிடக்கு," என்று உள்ளே போய்விடுவார். மருமகளுக்கு மீன்சொதியும் முருங்கையிலையும் நேரத்துக்கு நேரம் கொடுப்பார். பிள்ளை என்ற சொல்லை மட்டும் எடுக்கமாட்டார்.

ஒருநாள் பின்னேரம் ஷெரோன் படுக்கைவிரிப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தாள். அடிவரி புதிது, சோக் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. பராசக்தியின்ரை பேத்திக்கு. அந்தக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஷெரோன் வரிகளை மேலிருந்து கீழே வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலே வாசித்தாள். விரிப்பை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அடுத்தநாள் காலையில் கொலின்ஸ் கடலுக்குப் போனபின் தன் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள்.

"என்ன பிள்ளை, போறதுக்கு இன்னும் நாள் கிடக்கெல்லோ?" என்றார் லூர்த்தம்மா.

"இண்டைக்கே போறன் மாமி."

"ஏன், ஏதும் செய்யுதோ?"

"ஒண்டும் செய்யேல்லை." பையின் சிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. "நீர்வேலிப் பிள்ளைக்குப் போர்வை. ஆரோவின்ரை வாழைமரத்துக்குப் போர்வை. கடலுக்கும் போர்வை. என்ரை பிள்ளைக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரேல்லை, என்ன?"

லூர்த்தம்மா அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் தங்காதெண்டு நினைச்சிட்டியள். அதுதான் சோக்கை வீணாக்கேல்லை."

"ஐயோ, மாதாவே! என்னடி சொல்லுறாய்?"

"வேறை என்ன மாமி? ஒரு நாளாவது பிள்ளையெண்டு வாயாலை சொன்னனீங்களோ?"

முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த சிமியோனின் கை நின்றுவிட்டது. இந்த இடத்தில் பகிடி விடக்கூடாது என்பது அவருக்கே தெரிந்தது.

லூர்த்தம்மா பை இருந்த கட்டிலின் மறுகரையில் வந்து இருந்தார். "போனமுறை எழுதினனான்," என்றார். "பராசக்தி எழுதாதையுங்கோ எண்டு சொல்லச் சொல்ல எழுதினனான். பிறகு நான்தான் அழிச்சனான். நீ வாறதுக்கு முன்னம்."

"தெரியும். நான் வரேக்கை கதவு ஈரமாய்க் கிடந்தது."

"தெரிஞ்சும் நீ ஒண்டும் கேக்கேல்லையே."

"என்னத்தைக் கேக்கிறது? சோக்காலை எழுதிப் பிள்ளை சாகுமோ மாமி? டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினவர்."

"எனக்கு ஒருதரும் விளங்கப்படுத்தேல்லை," என்றார் லூர்த்தம்மா. அவருடைய குரல் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. "எழுதினால் இதுக்கும் ஏதும் வந்திடுமோ எண்டு ஒவ்வொரு நாளும் சோக்கை எடுத்து வைக்கிறன். ஆசையில்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

ஷெரோன் கண்ணைத் துடைத்தாள். சிக்கிய சிப்பைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. பழக்கதோசத்தில் லூர்த்தம்மா பையைத் தன்பக்கம் இழுத்து, மெழுகுதிரித் துண்டொன்றைத் தேடி எடுத்து, சிப்பில் தேய்த்தார். தேய்க்கும்போதுதான் தான் அவளைப் போகச் சொல்லி உதவுவதுபோல் இருப்பது உறைத்தது. கையை எடுத்துவிட்டார். ஷெரோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமி, பிறக்கமுன்னம் பிள்ளைக்குத்தானே ஒண்டும் செய்யக்கூடாது?"

"ஓம்."

"எனக்குச் செய்யலாமெல்லோ? நான் பிறந்து கனகாலம்."

லூர்த்தம்மா மெழுகுதிரித் துண்டைக் கட்டிலில் வைத்தார்.

"எனக்கெண்டு எழுதுங்கோ. நான் போர்த்தினால், உள்ளுக்கை இருக்கிறது வெளியிலையோ நிக்கப்போகுது?"

முற்றத்திலிருந்து சிமியோன், "சரியான கதை!" என்றார்.

"நீங்கள் வலையைப் பொத்துங்கோ," என்று மாமியும் மருமகளும் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஷெரோன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "அடியிலை எழுதினால் என்ரை முறை வரேக்கை எனக்குப் பல்லு விழுந்திடும். எனக்கு இந்த மேல்வரி வேணும்." சோக்கை எடுத்து, கீரிமலைக் கேணி என்ற வரிக்குப் பக்கத்தில் தானே எழுதினாள்: ஷெரோனுக்கு.

"கேணியோ? அது வில்லங்கமடி. மூலை பிசகும்."

"பிசகட்டும். நான் என்ன கோட்டிலை நீதவானுக்குக் கொண்டுபோய்க் காட்டப்போறனோ?"

அன்றைக்கு அவள் போகவில்லை. பேசிய நாளில்தான் போனாள். அதுவரை பகலில் இருவரும் துண்டுப் பைகளைக் கட்டிலில் கொட்டி நிறம் பார்த்தார்கள்; மாதக்கணக்கு வேலையை வாரக்கணக்கில் முடிக்க, லூர்த்தம்மா சட்டைத் தையலை ஒதுக்கிவைத்து இரவிலும் நூலோட்டினார். வெளிப்படிகளுக்குச் சிமியோன் இடுப்பில் கட்டித் தேய்ந்த பழைய சாரங்கள். உட்படிகளுக்கு முதல்நன்மை உடுப்பில் மிஞ்சிய வெள்ளை. நடுவில் நீருக்கு ஷெரோன் தன் பழைய நீலச் சட்டையை வெட்டித் தந்தாள். "என்ரை உடுப்பும் இருந்தால்தானே அது எனக்கு," என்றாள். இரண்டு மூலைகள் பிசகத்தான் செய்தன. லூர்த்தம்மா ஒன்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். மற்றதைப் பிரிக்க ஷெரோன் விடவில்லை.

பாசையூருக்குப் புறப்பட்ட அன்று போர்வையை மடித்துக் கொடுத்தார். பார்த்தால் முடிந்ததுபோல இருந்தது. ஆனால் மூன்று கரைதான் மடித்துத் தைத்திருந்தது. நாலாவது கரையை நூல் காட்டாமல் உள்ளே மடித்து வைத்திருந்தார். முடிக்காத சாமான் செய்த சாமான் ஆகாது, அதனால் பிறக்கமுன் செய்த குற்றமும் வராது என்பது அவருடைய கணக்கு. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஷெரோன் போர்வையை வாங்கி, அந்தக் கரையில் ஒருமுறை விரலை ஓட்டிவிட்டு, பைக்குள் வைத்தாள்.

கொலின்ஸின் போன் கோல் வந்தபோது லூர்த்தம்மா யாரோ ஒருவரின் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பொம்பிளைப்பிள்ளை. ரெண்டுபேரும் சுகம்."

லூர்த்தம்மா நெற்றியில் சிலுவை வரைந்தார். வெட்டின துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, கேக்குதோ? ஷெரோன் ஒண்டு சொல்லச் சொன்னவள். வரேக்கை ஊசியும் நூலும் கொண்டு வரட்டாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏன் ஊசி?"

"உனக்கு விளங்கத் தேவையில்லை. வை போனை."

ஊசியில் நூலைக் கோர்த்துச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டார். சிமியோன் வேட்டி தேடி அலுமாரியைத் திறந்தவர், கதவைப் பார்த்தார்.

"லூர்து, இந்த மேல்வரி கிடக்கு. அழிக்கேல்லையோ?"

"தொடாதையுங்கோ," என்றார் லூர்த்தம்மா, செருப்பைத் தேடியபடி. "வந்து நான் அழிக்கிறன். அந்த இடத்திலை வேறை எழுத வேணும்."