பெட்டியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோன மாத்திரை: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு

ஜனவரி கடைசி வாரத்தில் பத்து நாள் விடுப்பெடுத்து ஜெர்மனியிலிருந்து சென்னை போனேன். அக்கா வீடு மயிலாப்பூரில், லஸ் பக்கம். அக்காவின் கணவரான அத்திம்பேரின் தங்கை பெண்ணுக்கு அடையாற்றில் நிச்சயதார்த்தம். அத்தோடு ‘பத்து நாளில் தென் சென்னை’ என்று ஒரு பதிவும் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும், எந்த வேளையில் கோயிலில் கூட்டம் இருக்காது என்றெல்லாம் குறிப்பு எடுத்தும் வைத்தேன். அவை எதுவும் இங்கே இல்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வசிக்கும் ஊரில் எனக்கு முதுகுவலி வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது மெட்டமிசோல். நம் ஊரில் அனால்ஜின் என்று சொன்னால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அங்கே அது சீட்டுக் காட்டினால் எந்தக் கடையிலும் கிடைக்கிற, சாதாரணமாகப் புழங்குகிற மாத்திரை. வலி சட்டென்று விட்டது. மிச்சத்தை இரண்டு வருடத்துக்கு முன் அத்திம்பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவருக்கும் கேட்டது. அப்புறம் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்தேன், ஒருமுறை தோழியிடமும் கொடுத்தனுப்பினேன். இதில் எனக்குப் பெருமை வேறு.

இருபத்து மூன்று கிலோவுக்குள் பெட்டி கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மாத்திரையின் அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் குப்பையில் போட்டுவிட்டு, ஸ்ட்ரிப்பை மட்டும் ரப்பர் பேண்டில் கட்டிச் சாக்லேட்டுக்கு நடுவே செருகுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

இந்தத் தடவை மாத்திரை வாங்கிவர மறந்துவிட்டேன். நான் போய் இறங்கியபோது அத்திம்பேருக்குக் காய்ச்சல். ஊரெல்லாம் வைரல் என்றார்கள். அந்த மாத்திரை காய்ச்சலையும் இறக்கும் என்பதால் அவர் முன்பு நான் கொண்டுவந்ததன் மிச்சத்திலிருந்து காலையிலும் மாலையிலும் அதையே போட்டுக்கொண்டிருந்தார். “வெறும் வயித்துல வேண்டாம், சாப்பிட்டுட்டுப் போட்டுக்கோங்கோ” என்று உபசாரம் செய்ததும் நான்தான்.

நிச்சயதார்த்தத்தன்று அவருக்குக் காய்ச்சல் நாலாம் நாள். பெண்ணுக்குத் தாய்மாமா, போகாமல் முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அக்காவோடு கிளம்பிவிட்டார். நான் தி.நகரில் தையற்கடையில் ரவிக்கையை வாங்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு. “அப்படியே அந்த மாத்திரை எங்கயாவது கிடைக்கறதா பாரேன், ரெண்டுதான் மிச்சம் இருக்கு” என்றாள் அக்கா.

காலை 9.50க்கு லஸ் முனையில் ஆட்டோ ஏறினேன். பனகல் பார்க் நாலரைக் கிலோமீட்டர், 110 ரூபாய், மெட்ரோ பள்ளங்களைச் சுற்றிப் போனதில் முப்பத்தைந்து நிமிடம். ரவிக்கையை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்த மெடிக்கலில் நுழைந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் மருந்தாளுநர் இருந்தார். போனில் இருந்த ஸ்ட்ரிப்பின் படத்தைக் காட்டினேன்.

“இது நாங்க வைக்கறதில்லை மேடம். ஒரு தடவை தடை பண்ணாங்க, அப்புறம் கண்டிஷன் போட்டு விட்டாங்க. இப்ப யாரும் அவ்வளவா எழுதறதில்லை. யாருக்கு?”

அத்திம்பேருக்கு, நாலு நாளாகக் காய்ச்சல் என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். “தொண்டை வலி இருக்கா? வாய்ல புண்ணு?”

இருந்தது. முந்தின நாள் இரவு மோர்சாதத்தையே முழுங்க முடியாமல் வைத்துவிட்டார். நாங்கள் பனி என்று நினைத்தோம்.

“முதல்ல இதை நிறுத்தச் சொல்லுங்க. சில பேருக்கு இது வெள்ளை அணுவை அடியோட குறைச்சுடும். ரொம்ப அபூர்வம்தான். ஆனா வந்துட்டா ஆபத்து. அதனாலதான் இங்கிலாந்து, அமெரிக்காவுலல்லாம் இந்த மருந்தே கிடையாது. இன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கூட ஒரு பேப்பர் வருமே மேடம், அதுல இதெல்லாம் எழுதியிருக்குமே” என்றார்.

மூன்று தடவை அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டவள் நான். வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அத்திம்பேரும் எடுக்கவில்லை. மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

11.25க்கு ஆட்டோ பிடித்தேன். அடையாறு ஆறரைக் கிலோமீட்டர், 170 ரூபாய்.

“நந்தனம் பக்கம் வேல நடந்துகினு கீது மேடம். கோட்டூர்புரம் பாலம் ஏறிப் போய்டலாம். இன்னா அவசரம், ஆஸ்பத்திரியா?” என்றார் ஓட்டுநர்.

“இன்னும் இல்லை” என்று சொல்லி விஷயத்தையும் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மாத்திர அப்படிலாம் பண்ணுமா? நான் தெனம் மெடிக்கல்ல வலிக்கு ஒரு செட்டு மாத்திர வாங்கிப் போட்டுகினுதான் வண்டி ஓட்றேன். பேர் கூட தெரியாது.” நான் பேர் தெரிந்தே கொடுத்தவள். மறுபடி அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

12.05க்கு மண்டபம். அத்திம்பேர் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ குடுத்தது தப்பாப் போகுமா ரமா? பந்தியிலேர்ந்து பாதியில எழுந்தா சம்பந்தி ஆத்துல என்ன நினைப்பா?”

“நினைச்சுக்கட்டும். எழுந்திருங்கோ.” அத்திம்பேரிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லேப். ரத்தப் பரிசோதனைக்கு 350 ரூபாய். ரிப்போர்ட் இரவு எட்டு மணிக்கு வரும் என்றார்கள். 3.40க்கே போன் வந்துவிட்டது. வெள்ளை அணு மிகமிகக் குறைவு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றது ஒரு பெண் குரல். அத்திம்பேரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

பதினோரு நாள் தனி அறையில் இருந்தார். வெள்ளை அணு ஏற ஊசி, கிருமிக்கு மருந்து, முகமூடி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. முதல் நான்கு நாட்கள் டாக்டர் எதற்கும் உறுதி சொல்லவில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. ஐந்தாம் நாள் அணுக்கள் ஏற ஆரம்பித்தன. நான் விமான டிக்கெட்டை மாற்றினேன், அதற்கு 180 யூரோ.

பயணம் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் தினப்படி மருந்தாக இருப்பது அடுத்த நாட்டில் தடையாகி இருக்கலாம். இதே மெட்டமிசோலை பிரேசிலில் சீட்டே இல்லாமல் வாங்கலாம். ஆகவே கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரைத் தெரிந்துகொண்டு, போகிற நாட்டிலும் நடுவில் இறங்கி மாறுகிற நாட்டிலும் அதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். பெட்டியும் காகிதமும் கூடவே இருக்கட்டும், இரண்டும் சேர்ந்து இருபது கிராம்கூடத் தேறாது. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

ஏழாம் நாள் அத்திம்பேர் எழுந்து உட்கார்ந்தார். முதல் வேலையாக, “ஆதம்பாக்கம் நாராயணனுக்கு ஒரு ஸ்ட்ரிப் குடுத்தேனே” என்றார். பேங்கில் அவரோடு வேலை பார்த்த நண்பர். உடனே கிளம்பினேன். ஒன்பது கிலோமீட்டர், 210 ரூபாய், நாற்பது நிமிடம். நாராயணன் மாமா கதவைத் திறந்தார். கன்னம் பளபளவென்று, ஆள் ஜம்மென்று இருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“அவன் உடம்பு அப்படி. எனக்கு ஒண்ணுமே ஆகலையேம்மா. இது மாதிரி மாத்திரை உலகத்துலயே கிடையாது. அடுத்த தடவை ரெண்டு அட்டை கொண்டுவாயேன்” என்றார். ஸ்ட்ரிப்பைத் தாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே காப்பி போடச் சொல்ல உள்ளே போனார். அது தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில், மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, காப்பிக்குக் காத்திருக்காமல் படியிறங்கினேன்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்குள் அத்திம்பேருக்குப் போன் வந்துவிட்டது, உன் மச்சினி திருடிண்டு போயிட்டாடா என்று. ஆமாம், திருடினேன். அதில் இன்னும் ஆறு மாத்திரை இருந்தது.