நாலு மணிக் குளிர்

மங்களம் அக்கா கிளினிக்குக்குப் போகிற அழகைப் பார்த்தால், யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்று தோன்றும். குளித்து, நல்ல சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கடைசியாகக் காய்ச்சலைக் குறைக்க இரண்டு பனடோல் மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஈப்போ நகரத்தில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை. தொற்றுக் காலத்தில் வாசலில் நெற்றிச் சூடு பார்த்து, காய்ச்சல்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது பிடித்துக்கொண்ட பழக்கம் அது. வைத்தியரிடம் போகும்போதும் நோயை மறைத்துக்கொண்டு போன மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ரப்பர் தோட்டத்தை விற்றதும், அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கணவரோடு இங்கே குடிவந்தார். கணவர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, நானும் தனிக்கட்டைதான். இருந்தும் வேலியோரம் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. யாராவது வந்து உட்கார்ந்துகொண்டால் எனக்கு ஆகாது. அதை அவர் முதல் வாரமே புரிந்துகொண்டார்.

இந்த வருஷம் அவர் மூன்று முறை கிளினிக்குக்குப் போனார். அசதி, பசியில்லை, வலது தோளில் வலி என்று மட்டும் சொன்னாராம். சூடு பார்த்தால் சரியாக இருந்தது. வயிற்றுக்கு மாத்திரையும் தோளுக்குத் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. உறவினர் என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தார். எப்போதோ தண்ணீர் வராத நாளில் நான் கொடுத்த எண் அது.

டாக்டர் திவ்யதர்ஷினி சின்ன வயதுப் பெண். இனிப்புநீர், அதாவது சர்க்கரை, ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, இரத்தத்தில் கிருமி இருக்கிறது, ஆனால் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை என்றாள். அக்காவோ கேட்டதற்கெல்லாம் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல குளுருல நடுங்குனாங்களா ஆண்ட்டி? நீங்க கவனிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நின்றேன். இரண்டு வாரமாகத் தினமும் மாலை நாலு மணிக்கு அக்காவின் இரும்புக் கட்டில் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் விடாமல் தடதடக்கும். சாமான் நகர்த்துகிறாராக்கும் என்று எரிச்சலோடு ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். இதை டாக்டரிடம் சொல்லும்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அக்காவின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். சிரித்துக்கொண்டிருந்தவர் அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குச் சீழ். குடலில் இருக்கிற கிருமி கல்லீரலில் போய்த் தங்கிவிடும், இனிப்புநீர்காரர்களுக்கு இது அதிகம், வலி தோளிலும் தெரியும் என்று டாக்டர் விளக்கினாள். இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்தாம்.

ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி குத்தி, குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள். நரம்பில் மருந்து ஏறியது. அந்தக் கிருமி கண்ணுக்கும் போகுமாம், அதனால் பார்வை தெளிவாக இருக்கிறதா என்று தினமும் கேட்டார்கள். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றிப் பிள்ளைகளும் மருமக்களும் நின்றார்கள். அக்காவைப் பார்க்க நான் மட்டும் போனேன். எப்போது வேலைக்கு வருவீர்கள் என்று மேலாளர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். இன்னும் சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். அன்றைக்குத்தான், இத்தனை நாள் மென்று விழுங்கியதைக் கேட்டேன்.

"அவ்ளோ நடுங்கியிருக்கீங்க. என்னைய ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாம்லா அக்கா?"

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"கூப்புட்டா வருவீங்களான்னு தெரியல டீச்சர்."

வராமல் இருப்பேனா என்று சொல்லத்தான் நினைத்தேன். வந்திருப்பேனா என்று எனக்கும் தெரியவில்லை.